வேர்ட்ல டேபிள் கலைஞ்சு போச்சா? கண்ணுல என்ன தெரியுதோ அதை வச்சே சரி பண்ற வழி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பதினாலு வருஷமா தினமும் வேர்டுலதான் வேலை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள், அன்னிக்கு காலையில எட்டரைக்கெல்லாம் வேப்பனப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளின்னு எல்லா பக்கத்துல இருந்தும் ஆளுங்க பென்டிரைவும் கையுமா வந்து நிப்பாங்க, மனுவோட வைக்கிற பேர்ப் பட்டியல் கலைஞ்சு போச்சுக்கா, கோடு காணோம்க்கா, ரெண்டு பக்கம் இருந்தது மூணு பக்கம் ஆயிடுச்சுன்னு. மாங்கா சீசன் வந்துட்டா மண்டிக்காரங்க எடைப் பட்டியல் எடுத்துட்டு வருவாங்க, அதுலயும் இதே பிரச்சனைங்கதான்.

ஃபைலைத் தொறந்து பார்த்தா முக்காவாசி நேரம் நடந்திருக்கறது ஒண்ணுதான். டேபிள் எங்கயோ கொஞ்சம் நகர்ந்திருக்கு, அதை ஸ்பேஸ் பார் தட்டியும் என்டர் தட்டியும் கண்ணுக்கு நேரா தெரியற வரைக்கும் தள்ளி வச்சிருப்பாங்க. அவங்க கம்ப்யூட்டர்ல நேராத்தான் இருக்கும், வேற கம்ப்யூட்டர்ல ஃபான்ட் மாறின உடனே அந்த ஸ்பேஸெல்லாம் வேற அளவுக்குப் போயி மொத்தமா சரிஞ்சிடும். டேபிள்ல ஒரு கோளாறு தெரிஞ்சா அதுக்குப் பின்னாடி ஒரு செட்டிங் இருக்கு, அந்த செட்டிங்கை மாத்தணும், ஸ்பேஸ் தட்டக்கூடாது. இதைத்தான் கடைக்கு வர்ற புள்ளைங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்றேன், இங்கயும் அதைத்தான் எழுதறேன்.

எந்தக் கோளாறா இருந்தாலும் முதல்ல ஒரு வேலை பண்ணிடுங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூணையும் சேத்து அழுத்துங்க. மறைஞ்சிருக்கற குறியெல்லாம் வெளிய வரும், என்டர் தட்டின இடத்துல கண்ணாடியில பார்த்த பி எழுத்து மாதிரி ஒரு குறி, ஸ்பேஸ் தட்டின இடத்துல புள்ளி, டேப் அடிச்ச இடத்துல அம்புக்குறி, ஒவ்வொரு கட்டத்தோட முடிவுலயும் சின்னதா ஒரு வட்டம். கட்டத்துக்குள்ள புள்ளி புள்ளியா வரிசையா இருந்தா, இல்ல பி குறி ரெண்டு மூணு அடுக்கா நின்னா, அதெல்லாம் யாரோ தட்டி வச்சது, அழிச்சிடுங்க. வர்ற ஃபைல்ல எத்தனையோ இதுலயே சரியாயிடுது.

அப்புறம் மெனு எங்கன்னு ஒரு வார்த்தை. டேபிளுக்குள்ள கிளிக் பண்ணினாத்தான் மேல வலது கோடியில டேபிள் டிசைன், லேஅவுட்னு ரெண்டு டேப் புதுசா முளைக்கும். லேஅவுட்னு ஏற்கனவே நடுவுல ஒண்ணு இருக்கும், அது பேஜோட லேஅவுட், அதுல போயி தேடினா கிடைக்காது. நான் கீழ லேஅவுட்னு சொல்றது வலது கோடியில இருக்கறதை. டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்னு சொன்னா டேபிள்ல ரைட் கிளிக் பண்ணினா வர்றது.

டேபிள் வலது பக்கம் பேப்பரைத் தாண்டி ஓடுது

எக்செல்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா இது கட்டாயம் வரும். எக்செல்ல காலம், அதாவது மேல இருந்து கீழ போற கட்ட வரிசை, என்ன அகலம் இருந்துதோ அதே அகலத்தோட வேர்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும், வலது பக்கம் ரெண்டு காலம் பேப்பருக்கு வெளிய போயிடும், ஸ்கிரீன்ல கூட தெரியாது. டேபிளுக்குள்ள கிளிக் பண்ணி லேஅவுட், ஆட்டோஃபிட், ஆட்டோஃபிட் விண்டோ. மார்ஜினுக்குள்ள வந்து நின்னுடும்.

வந்து நின்னாலும் சில காலம் ரொம்ப ஒடுங்கி, சில காலம் வீணா அகலமா இருக்கும், அதுக்கு கணக்கு போட்டுக்கறது நல்லது. ஏ4 பேப்பர் அகலம் 21 செ.மீ, ரெண்டு பக்கமும் வழக்கமான 2.54 செ.மீ மார்ஜின் போச்சுன்னா மிச்சம் 15.92. மாங்கா எடைப் பட்டியலுக்கு நான் வைக்கற அளவு இது: வரிசை எண் 1.2, தேதி 2.2, வண்டி எண் 3.6, ரகம் 3, எடை 2.9, தொகை 3, மொத்தம் 15.9 செ.மீ. ரகம்ங்கற காலத்துக்கு 3 செ.மீ கொடுக்கக் காரணம், பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா இதெல்லாம் ஒரே வரியில நிக்கணும், உடைஞ்சு ரெண்டு வரியானா ஒவ்வொரு ரோவும், அதாவது குறுக்கால போற கட்ட வரிசையும், உயரமாகி பட்டியல் பக்கம் பக்கமா நீளும்.

பத்து பன்னெண்டு காலம் இருக்கற டேபிள்னா நேரா நிக்கற பேப்பர்ல அது அடங்காது, அந்த டேபிளை மட்டும் படுக்க வச்ச பேப்பருக்கு மாத்துங்க. டேபிளை செலக்ட் பண்ணிட்டு பேஜ் லேஅவுட்ல மார்ஜின்ஸ், கஸ்டம் மார்ஜின்ஸ் போயி லேண்ட்ஸ்கேப் கொடுத்து, கீழ அப்ளை டு-ங்கற இடத்துல செலக்டட் டெக்ஸ்ட்னு வைங்க. மனு நேரா நிக்கும், பட்டியல் மட்டும் படுத்துக்கும்.

டைப் பண்ணப் பண்ண காலம் தானா அகலமாகுது, பக்கத்து காலம் நசுங்குது

காவேரிப்பட்டணம்னு அடிச்சதும் அந்தக் காலம் பெருசாயி பக்கத்துல இருந்த கையெழுத்து காலம் குச்சி மாதிரி ஆயிடும். ஒரே நீள வார்த்தை, நடுவுல ஸ்பேஸ் இல்ல, அதை உடைக்காம வைக்கறதுக்காக வேர்ட் காலத்தை இழுக்குது. டேபிள் ப்ராப்பர்ட்டீஸ், டேபிள் டேப், ஆப்ஷன்ஸ் போனா ஆட்டோமேட்டிகலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. இனிமே வச்ச அகலம் வச்ச அகலம்தான். கையெழுத்துக்கு இடம் விடற பட்டியல் எதுவா இருந்தாலும் இந்த டிக்கை எடுத்துட்டுத்தான் நான் டைப் பண்ணவே ஆரம்பிப்பேன்.

ஒரே ஒரு ரோவுல மட்டும் கோடு விலகி நிக்குது

இது மவுஸால வர்றது. ஏதோ ஒரு கட்டம் செலக்ட் ஆகி இருக்கும்போது காலத்தோட கோட்டைப் பிடிச்சு இழுத்தா அந்தக் கட்டத்தோட கோடு மட்டும்தான் நகரும், மத்தது அப்படியே நிக்கும். உடனே பார்த்தா கன்ட்ரோல் இசட். நாலு நாள் கழிச்சு பார்த்தா, காலத்தை மேல இருந்து கீழ வரைக்கும் மவுஸால இழுத்து செலக்ட் பண்ணி, லேஅவுட்ல விட்த்ங்கற கட்டத்துல ஒரே அளவை அடிச்சு என்டர் கொடுங்க, பக்கத்து காலத்துக்கும் அதே மாதிரி. கோட்டை இழுக்கறதுக்கு முன்னாடி டேபிளுக்குள்ள வெறுமன ஒரு கிளிக் பண்ணி செலக்‌ஷனை எடுத்துடுங்க, ஆல்ட் பட்டனை அழுத்திட்டே இழுத்தீங்கன்னா மேல ரூலர்ல எத்தனை செ.மீன்னு அளவு தெரியும், அதை பார்த்து நிறுத்தலாம்.

கட்டங்களை மெர்ஜ் பண்ணி, அதாவது ரெண்டு மூணு கட்டத்தை ஒண்ணாக்கி வச்ச டேபிள்ல இந்த வேலை கஷ்டம். அதனால மெர்ஜை கடைசியில வச்சுக்கோங்க, அகலம் எல்லாம் முடிவான பிறகு.

எழுத்து பாதி வெட்டுப்படுது

தமிழ்ல அடிக்கறவங்களுக்கு இது அதிகம். "கீ", "தீ" இதுல மேல இருக்கற சுழி காணாம போகும், "கூ", "பூ" இதுல கீழ வால் வெட்டுப்படும், இங்கிலீஷ்ல அடிச்சா எல்லாம் சரியா இருக்கும், அதனாலேயே ஃபான்ட் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. ஃபான்ட் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு இடத்துல பார்க்கணும்.

முதல்ல ரோ உயரம். டேபிள் ப்ராப்பர்ட்டீஸ், ரோ டேப், அங்க ஸ்பெசிஃபை ஹைட் பக்கத்துல எக்ஸாக்ட்லின்னு இருந்தா அதுதான். எக்ஸாக்ட்லின்னா எழுத்து எவ்வளவு பெருசா இருந்தாலும் இதுக்கு மேல இடம் தரமாட்டேன்னு அர்த்தம், மிச்சத்தை வெட்டிடும், ரெண்டாவது வரி மொத்தமா மறைஞ்சு போறதும் இதனாலதான். அட் லீஸ்ட்னு மாத்துங்க, அப்போ குறைஞ்சது இவ்வளவு, தேவைப்பட்டா வளரும்.

அங்க சரியா இருந்தா பாரகிராஃப். டேபிளை முழுசா செலக்ட் பண்ணி பாரகிராஃப் பெட்டியைத் தொறந்தா லைன் ஸ்பேசிங்ல எக்ஸாக்ட்லி 12 பாயின்ட்னு ஏதாவது இருக்கும். தமிழ் எழுத்துக்கு மேலயும் கீழயும் குறி வர்றதால இங்கிலீஷை விட இடம் அதிகம் வேணும், அந்தப் பன்னெண்டு பாயின்ட் அதுக்குப் பத்தாது. சிங்கிள்னு வைங்க. அதே பெட்டியில ஆஃப்டர்ங்கற இடத்துல 8 பாயின்ட்னு இருந்தா பூஜ்யம் ஆக்கிடுங்க, எழுத்து கட்டத்துக்கு நடுவுல நிக்காம மேல ஒட்டிக்கிட்டு கீழ வீணா இடம் விடறது இந்த எட்டு பாயின்டாலதான், நடு அலைன்மென்ட் எத்தனை தடவை அழுத்தினாலும் நேராகாது.

சில ரோ உயரமா சில ரோ குட்டையா இருந்து, உள்ள எழுத்து எண்ணிக்கை ஒண்ணா இருந்தாலும் அப்படியே இருந்தா, கன்ட்ரோல் டி அழுத்தி ஃபான்ட் பெட்டியைப் பாருங்க. அதுல இங்கிலீஷ் எழுத்துக்கு தனியா, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்னு தமிழுக்கு தனியா ஃபான்டும் சைஸும் இருக்கும், ஒண்ணு 11 ஒண்ணு 14-ன்னு நின்னா ரோ அப்படித்தான் ஏறி இறங்கும்.

கட்டத்துல அடிச்ச முதல் எழுத்து தானா மாறிடுது

இதை கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இது பேர் சம்பந்தப்பட்டது, பேர் தப்பா போனா அந்தம்மாவுக்கு குழுக் கடன்ல இருந்து எல்லாமே நிக்கும். எங்க கடைக்கு ஒரு மகளிர் குழுவுல இருந்து உறுப்பினர் பட்டியல் கொண்டு வந்தாங்க, பாமினி ஃபான்ட்ல அடிச்சது, இருபது பேர். தனலட்சுமின்னு இருக்க வேண்டிய இடத்துல துனலட்சுமி, கமலாங்கற பேர் குமலா, மணிமேகலை முணிமேகலை. அடிச்ச பொண்ணு அழுகற மாதிரி நிக்குது, அக்கா நான் சரியாத்தான் அடிச்சேன், சத்தியமா சரியாத்தான் அடிச்சேன்னு. அது அடிச்சது சரிதான். மாத்தினது வேர்ட்.

நடந்தது என்னன்னா, பாமினியில தமிழ் எழுத்துன்னு நமக்குத் தெரியறது உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் முகம் மாட்டி இருக்கு. சின்ன எஃப் அடிச்சா "க", பெரிய எஃப் அடிச்சா "கு". சின்ன ஜே "த", பெரிய ஜே "து". சின்ன கே "ம", பெரிய கே "மு". வேர்டுக்கு இது தமிழ்னே தெரியாது, ஏதோ இங்கிலீஷ் வார்த்தைன்னு நினைச்சுக்கிட்டு, டேபிள் கட்டத்துல முதல் எழுத்து பெரிய எழுத்தா இருக்கணுமேன்னு அதுவா திருத்திடுது. திருத்தினதும் தனலட்சுமி துனலட்சுமி ஆயிடுது. அடிச்சிட்டு டேப் தட்டி அடுத்த கட்டம் போறப்ப மாறறதால நம்ம கண்ணு அதுக்குள்ள அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும், கவனிக்கவே மாட்டோம்.

நிறுத்தறதுக்கு: ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். அதுல கேப்பிடலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் டேபிள் செல்ஸ்னு ஒரு டிக், எடுத்துடுங்க. அதுக்குப் பக்கத்துலயே சென்டென்சஸ்னு இன்னொண்ணு இருக்கும், அதையும் எடுங்க, மனுவோட பத்தியில வர்ற முதல் எழுத்தையும் அது இதே மாதிரி மாத்தும். ஏற்கனவே மாறிப் போனதை ஒவ்வொண்ணா கண்ணால பார்த்துத்தான் திருத்தணும், வேற வழி இல்ல, ஏன்னா உண்மையிலேயே குமாரின்னு ஒரு பேர் இருக்கும், மொத்தமா ரீப்ளேஸ் கொடுத்தா அது கமாரி ஆயிடும். அன்னிக்கு இருபது பேரையும் ஆதார் ஜெராக்ஸ் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா பார்த்துத்தான் மாத்தினோம்.

யூனிகோடுல, அதாவது தமிழ் எழுத்து உள்ளுக்குள்ளயும் தமிழாவே இருக்கற முறையில அடிச்சா இந்தப் பிரச்சனையே கிடையாது, தமிழுக்கு சின்ன எழுத்து பெரிய எழுத்து இல்ல. தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோடை ஏத்துக்கிட்டாச்சு, விண்டோஸ்லயே நிர்மலா யுஐ ஃபான்ட் வருது, புதுசா டைப் பழகற புள்ளைங்க நேரா யூனிகோடுக்குப் போயிடுங்க. ஒரு எச்சரிக்கை: பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல இருக்கற டேபிளை செலக்ட் பண்ணி ஃபான்டை நிர்மலான்னு மாத்தினா தமிழ் யூனிகோடா மாறாது, உள்ள இருக்கற இங்கிலீஷ் எழுத்து அப்படியே வெளிய வந்து நிக்கும். கன்வர்ட்டர்ல போட்டுத்தான் மாத்தணும், என்எச்எம் கன்வர்ட்டர் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு. மாத்தும்போது ஒவ்வொரு காலமா பண்ணுங்க, வண்டி எண், பேங்க் ஐஎஃப்எஸ்சி கோட் மாதிரி நிஜ இங்கிலீஷ் இருக்கற காலத்தை விட்டுடுங்க, இல்லன்னா அதையும் தமிழ்னு நினைச்சு மாத்தி வச்சிடும்.

ரெண்டாவது பக்கத்துல தலைப்பு ரோ வரல

தலைப்பு ரோவுல கிளிக் பண்ணி லேஅவுட்ல ரிப்பீட் ஹெடர் ரோஸ். தலைப்பு ரெண்டு ரோவா இருந்தா ரெண்டையும் செலக்ட் பண்ணணும், டேபிளோட முதல் ரோவுல இருந்துதான் ஆரம்பிக்கணும். அவ்வளவுதான், ஆனா இதைப் பண்ணியும் வரல்லன்னு வர்றவங்கதான் அதிகம், அதுக்கு ரெண்டு காரணம் பார்த்திருக்கேன்.

ஒண்ணு, டேபிளோட இடது மேல் மூலையில நாலு பக்க அம்பு ஒண்ணு இருக்குமில்ல, அதைப் பிடிச்சு டேபிளை இழுத்திருப்பாங்க. அப்படி இழுத்த உடனே வேர்ட் டெக்ஸ்ட் ராப்பிங்கை அரவுண்ட்னு மாத்திடும், அதாவது டேபிள் படம் மாதிரி மிதக்க ஆரம்பிச்சிடும். மிதக்கற டேபிளுக்கு தலைப்பு திரும்ப வராது, பக்கத்துல இருக்கற எழுத்து மேல ஏறி உக்காரும், ஒரு வரி சேத்தா டேபிள் எங்கயோ போகும். டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்ல டெக்ஸ்ட் ராப்பிங் நன் கொடுங்க. டேபிளை நடுவுல வைக்கணும்னா அங்கயே அலைன்மென்ட் சென்டர் இருக்கு, இழுக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு, டேபிளுக்கு நடுவுல கன்ட்ரோல் என்டர் தட்டி பக்கத்தை உடைச்சிருப்பாங்க. அது பார்க்க ஒரே டேபிள், உள்ள ரெண்டு டேபிள். குறியெல்லாம் காட்டச் சொன்னீங்கன்னா பேஜ் பிரேக்னு எழுதி ஒரு கோடு தெரியும், அழிச்சிட்டா ஒண்ணா சேந்துக்கும். சிலர் தலைப்பை காப்பி பண்ணி ரெண்டாவது பக்கத்து மேல கையால ஒட்டி வச்சிருப்பாங்க, முதல் பக்கத்துல ஒரு பேர் சேந்தா அந்தத் தலைப்பு பக்கத்து நடுவுல வந்து நிக்கும், அப்படி இருந்தா அதை டெலீட் பண்ணிட்டு ரிப்பீட் கொடுங்க.

பேர் ஒரு பக்கம், ஊர் அடுத்த பக்கம்

ஒரே ரோ ரெண்டு பக்கத்துல உடையுதுன்னா டேபிளை முழுசா செலக்ட் பண்ணி டேபிள் ப்ராப்பர்ட்டீஸ், ரோ, அலோ ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ் டிக்கை எடுங்க.

இதுக்கு நேர் எதிரா, பாதி பக்கம் காலியா இருக்க டேபிள் மொத்தமா அடுத்த பக்கம் தாவுதுன்னா பாரகிராஃப் பெட்டியில லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் போயி கீப் வித் நெக்ஸ்ட்ங்கற டிக் எல்லா ரோவுலயும் இருக்கான்னு பாருங்க, எடுத்தா தானா மேல ஏறும். ஆனா இதே டிக் ஒரு இடத்துல ரொம்ப உதவும்: பட்டியல் முடிஞ்சு தலைவர் கையெழுத்து வரி மட்டும் அடுத்த பக்கத்துல அனாதையா நிக்குதுன்னா, டேபிளோட கடைசி ரெண்டு ரோவை செலக்ட் பண்ணி கீப் வித் நெக்ஸ்ட் வச்சா அந்த ரெண்டு பேரும் கையெழுத்தோட சேந்தே அடுத்த பக்கம் போவாங்க. கையெழுத்து மட்டும் தனிப் பக்கத்துல இருக்கற பட்டியலை ஆபீஸ்ல வாங்கறவங்க சந்தேகமாத்தான் பார்ப்பாங்க, அது நியாயம்தான்.

கடைசியில ஒரு காலிப் பக்கம், டெலீட் ஆகமாட்டேங்குது

டேபிள் பக்கத்தோட அடி வரைக்கும் வந்து முடிஞ்சா இது வரும். டேபிளுக்கு அடுத்து ஒரு பத்தி இருந்தே ஆகணும்னு வேர்டோட விதி, அந்தப் பத்திக் குறியை என்ன பண்ணினாலும் அழிக்க முடியாது, அது நிக்க இடமில்லாம அடுத்த பக்கத்துக்குப் போயிடுது. அழிக்கப் பார்க்காதீங்க, சுருக்குங்க. அந்தக் குறியை செலக்ட் பண்ணி ஃபான்ட் சைஸ்ல 1-ன்னு அடிங்க, பாரகிராஃப்ல பிஃபோர், ஆஃப்டர் ரெண்டும் பூஜ்யம், லைன் ஸ்பேசிங் எக்ஸாக்ட்லி 1 பாயின்ட். காலிப் பக்கம் போயிடும். நூறு காப்பி எடுக்கும்போது நூறு வெள்ளைத்தாள் வீணாகறதைப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஸ்கிரீன்ல கோடு இருக்கு, பிரிண்ட்ல இல்ல

ஸ்கிரீன்ல தெரியறது விட்டு விட்டு வர்ற புள்ளிக்கோடா இருந்தா அது கிரிட்லைன், நமக்கு வழிகாட்டறதுக்கு மட்டும், பிரிண்ட்ல வராது. டேபிளை செலக்ட் பண்ணி டேபிள் டிசைன், பார்டர்ஸ், ஆல் பார்டர்ஸ். நெட்ல இருந்து காப்பி பண்ண டேபிள்ல பார்டர் இருந்தும் கலர் வெள்ளையா இருக்கும், பென் கலரை கறுப்பாக்கி திரும்ப ஆல் பார்டர்ஸ் கொடுங்க. தடிமன் அரை பாயின்டுக்குக் குறைய வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்த காப்பியை திரும்ப ஜெராக்ஸ் எடுப்பாங்க, மெல்லிசு கோடு ரெண்டாவது காப்பியிலேயே மறைஞ்சிடும்.

எடை காலம் நேரா நிக்கல, கூட்டலும் தப்பா வருது

842.5, 1206.25, 975, இப்படி மூணு லோடு எடை கிலோவுல. இடது பக்கம் சேத்தாலும் கோணல், வலது பக்கம் சேத்தாலும் கோணல், புள்ளி நேருக்கு நேரா வராது. இதுக்கு டெசிமல் டேப். அந்தக் காலத்துல எண் இருக்கற கட்டங்களை செலக்ட் பண்ணி அலைன்மென்டை லெஃப்ட்ல வச்சுக்கோங்க, ரூலரோட இடது ஓரத்துல இருக்கற குட்டிப் பெட்டியை கிளிக் பண்ணிட்டே போனா தலைகீழ் டி பக்கத்துல ஒரு புள்ளியோட குறி வரும், அது வந்ததும் ரூலர்ல அந்தக் காலத்துக்கு மேல எங்க புள்ளி நிக்கணுமோ அங்க ஒரு கிளிக். டேபிளுக்குள்ள டேப் தட்டவே வேண்டாம், எண்ணெல்லாம் தானா நகர்ந்து புள்ளிக்குப் புள்ளி நேரா நிக்கும். முதல் தடவை இதைப் பார்த்த ஒரு மண்டி கணக்குப்புள்ளை அண்ணன் அன்னிக்கே அவர் பழைய பட்டியலையெல்லாம் மாத்திக்கிட்டுப் போனாரு.

கூட்டலுக்கு கடைசி கட்டத்துல கிளிக் பண்ணி லேஅவுட்ல ஃபார்முலா, சம் அபவ்னு அதுவே போட்டுக் காட்டும், ஓகே கொடுத்தா 3023.75. இதுல மூணு பள்ளம் இருக்கு. நடுவுல ஏதாவது கட்டம் காலியா இருந்தா அதுக்கு மேல இருக்கறதை கூட்டாம விட்டுடும், காலிக் கட்டத்துல 0 போடுங்க. ரெண்டாவது, தலைப்புக் கட்டத்துல வெறும் 2024-ன்னு வருஷம் இருந்தா அதையும் எடைன்னு நினைச்சு சேத்துக்கும், 5047.75 வரும், ரெண்டு டன் மாங்கா எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு மத்தியானம் முழுக்க ரசீதைப் புரட்டி இருக்கோம். மூணாவது, எடையைத் திருத்தினா கூட்டல் தானா மாறாது, கூட்டல் மேல கிளிக் பண்ணி எஃப்9 தட்டணும். பணம் சம்பந்தப்பட்டதுக்கு எக்செல்ல கணக்குப் போட்டுட்டு முடிஞ்ச எண்ணை வேர்டுல வைக்கறதுதான் என் வழக்கம், மாங்கா கொடுத்தவங்களோட காசு அது.

டேபிளுக்கு மேல தலைப்பு அடிக்க இடமே இல்ல

முதல் கட்டத்துல முதல் எழுத்துக்கு முன்னாடி கர்சரை வச்சு என்டர், மேல ஒரு வரி வரும். டேபிளை நடுவுல ரெண்டா பிரிக்கணும்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் என்டர். டேபிளை செலக்ட் பண்ணி டெலீட் தட்டினா உள்ள இருக்கறது மட்டும்தான் போகும், டேபிளே போகணும்னா பேக்ஸ்பேஸ். ஒரு பேரை மேல ஏத்தணும்னா கட் பேஸ்ட் வேண்டாம், அந்த ரோவுல நின்னு ஆல்ட் ஷிஃப்ட்டோட மேல் அம்பு, மொத்த ரோவும் ஏறும்.

என் கிட்ட சரியா இருக்கு, அங்க போனா கலையுது

பேஜ் சைஸை முதல்ல பாருங்க. நிறைய ஃபைல் லெட்டர் சைஸ்ல இருக்கு, அது 21.59-க்கு 27.94 செ.மீ, நம்ம பேப்பர் ஏ4, 21-க்கு 29.7. லெட்டர்ல போட்ட டேபிள் நம்ம ஏ4-ஐ விட அரை செ.மீக்கு மேல அகலம், உயரத்துல ஒண்ணேமுக்கா செ.மீ குறைச்சல், அதனால பக்கத்துக்கு ரெண்டு மூணு ரோ இடம் மாறும். டைப் பண்றதுக்கு முன்னாடியே பேஜ் லேஅவுட், சைஸ், ஏ4.

அடுத்தது ஃபான்ட். நீங்க லதாவுல அடிச்சீங்க, விண்டோஸ் 10-ல லதா தனியா சேக்க வேண்டிய ஃபான்ட், அந்தக் கம்ப்யூட்டர்ல சேக்கலன்னா வேர்ட் வேற ஃபான்டை எடுத்துக்கும், அதோட வரி உயரம் வேற, முப்பது ரோ இருக்கற பட்டியல்ல ஒவ்வொரு ரோவும் துளி துளியா வளந்து கடைசி ரோ அடுத்த பக்கத்துக்குப் போயிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ்ல எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்னு டிக் வச்சு சேவ் பண்ணா பெரும்பாலான ஃபான்ட் ஃபைலோடவே போகும்.

பிரிண்ட் எடுக்க மட்டும் அனுப்பறதா இருந்தா வேர்ட் ஃபைலை அனுப்பாதீங்க, சேவ் ஆஸ்ல பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. வாட்ஸ்அப்ல வேர்ட் ஃபைல் வாங்கி போன்ல தொறந்து பார்த்துட்டு டேபிள் உடைஞ்சிருக்குன்னு பதறி ஓசூர்ல இருந்து பஸ் ஏறி வந்தவங்க உண்டு, ஃபைல்ல ஒரு குறையும் இல்ல, போன் ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி அது மடக்கிக் காட்டினதுதான். பிடிஎஃப் ஆக்கினதும் நீங்களே ஒரு தடவை கடைசி பக்கம் வரைக்கும் தள்ளிப் பாருங்க, முக்கியமா கடைசி ரோவும் கையெழுத்து வரியும் ஒரே பக்கத்துல நிக்குதான்னு. திருத்தம் வரும்னு தெரிஞ்சா வேர்ட் ஃபைலையும் பென்டிரைவ்ல போட்டுக் கையோட எடுத்துட்டு வாங்க, பிடிஎஃப்ல இருந்து டேபிளைத் திரும்ப வேர்டுக்கு எடுத்தா மேல சொன்ன கோளாறு அத்தனையும் ஒண்ணா வந்து நிக்கும், திங்கட்கிழமை கூட்டத்துல அதை சரி பண்ண நேரம் இருக்காது.